இரண்டாவது படம்

2025 மார்ச் 11, செவ்வாய்க்கிழமை, காலை ஏழு மணி இருபது நிமிடம். இரவெல்லாம் பெய்த மழை தூறலாகச் சிறுத்திருந்தது. மருத்துவமனை வாசலின் தகரக் கூரையிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. லிஃப்ட் ஆய்வாளர் குடையை மடக்கி, உதறி, அடித்தளத்துக்குப் படிவழியே இறங்கினார். லிஃப்ட் இருந்தது, ஒழுங்காகவும் ஓடியது. ஆனால் வாழ்நாளெல்லாம் லிஃப்டுகளைச் சோதித்துச் சான்று கொடுத்தவருக்கு, ஒன்றில் ஏறி நின்றதும் காது தானாகப் போய்க் கயிற்றின் ஓசையில் ஒட்டிக்கொள்ளும். அவர் தொழிலை அறிந்த ஊழியர் இருவர், அவர் படியில் இறங்குவதைக் கண்டு, இவருக்குத் தெரியாததா என்று எண்ணியோ என்னவோ, லிஃப்ட் வாசலை விட்டு விலகி அவர் பின்னாலேயே இறங்கினார்கள்.

அவருக்கு இரண்டாண்டுகளுக்கு முன் புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் கண்டு, சுரப்பியையே அறுத்து எடுத்திருந்தார்கள். அதன் பிறகு இரத்தப் பரிசோதனையில் ஓர் எண் பூச்சியத்தை ஒட்டியே கிடக்கவேண்டும். சென்ற ஜூலையில் அது சற்றே தலைதூக்கியது. அப்போது கோலின் பெட் ஸ்கேன் எடுத்தார்கள், ஒன்றுமில்லை என்றார்கள். இப்போது எண் மீண்டும் ஏறியிருந்தது. நோய் எங்கோ ஓரிடத்தில் சிறிதாகப் பதுங்கியிருந்தால் கதிர்வீச்சால் அதைக் குறிவைத்து அழிக்கலாம். உடலெங்கும் பரவியிருந்தால் அந்த வழி அடைபட்டது. எது என்பதைச் சொல்லவேண்டியது இன்றைய ஸ்கேன்.

சென்ற முறை ஒன்றுமில்லை என்று சொன்னவன் அவருடைய தம்பி. இந்த மருத்துவமனையின் ஸ்கேன் துறையில் படங்களைப் படித்து முடிவு சொல்லும் டாக்டர். வீட்டில் அவன் பெயர் குட்டி. ஐம்பது வயதைக் கடந்து, லிஃப்டில் காலெடுத்து வைத்தாலே சுமை மணி முனகும் உருவம் வாய்த்த பிறகும் குட்டிதான். கோலின் என்றால் என்ன என்பதை அண்ணனுக்குப் புரியும்படி விளக்கியவனும் அவனே. உடம்பில் ஒவ்வோர் உயிரணுவும் தன் சுவரைக் கட்டக் கோலினை வாங்குகிறது. கண்மண் தெரியாமல் பெருகும் புற்றணுக்கள் அதிகமாக வாங்குகின்றன. "சிமெண்ட் மூட்டையில விளக்கு கட்டி அனுப்புறோம்னு வச்சுக்கங்க அண்ணா. எங்க திருட்டுத்தனமா கட்டடம் எழும்புதோ, அங்க விளக்கெல்லாம் சேர்ந்துடும்" என்றான். அந்த உவமையை ஆய்வாளர் பிறகு அலுவலகத்தில் பத்துப் பேரிடம் சொல்லி, தம்பியின் பெருமையையும் சேர்த்துச் சொன்னார்.

காத்திருக்கும் அறையில் அவருக்கு முன்னே இருவர் இருந்தார்கள். ஒருவருக்குக் கல்லீரலில் கட்டி. சர்க்கரையை ஏற்றி எடுக்கும் வழக்கமான ஸ்கேனில் அது சரியாகப் பிடிபடாததால் கோலினுக்கு அனுப்பியிருந்தார்கள். தன் கல்லீரலுக்கு இனிப்பு பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று அவர் பொதுவாகச் சொன்னார். யாரும் சிரிக்காததால் தாமே சிரித்துக்கொண்டார். மற்றவர், கழுத்தில் எங்கோ ஒளிந்திருக்கும் பயறளவு சுரப்பி ஒன்றைத் தேடி வந்த பெண்மணி.

படம் எடுக்கும் பெண் ஆய்வாளரைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டாள். சென்ற முறையும் அவள்தான் இருந்தாள். குட்டி ஏதோ பயிற்சி வகுப்புக்காக வேறு கட்டடத்துக்குப் போயிருப்பதாகவும், அவனில்லாத நாளில் அண்ணன் வந்திருப்பது அவனுக்குத் தெரியுமா என்றும் பேசிக்கொண்டே கையில் ஊசிக்கு நரம்பைத் தேடினாள். தெரியாது என்றார் ஆய்வாளர். வியாழக்கிழமை வாருங்கள், நான் இருப்பேன் என்று குட்டி சொல்லியிருந்தான். ஆனால் அறுவை செய்த டாக்டர், இரண்டு நாள் ஏன் வீணாக்கவேண்டும் என்று செவ்வாய்க்கே எழுதிக் கொடுத்துவிட்டார்.

"பெரிய டாக்டர் நேத்து உங்க பழைய படத்தப் பாத்தாங்க சார்" என்றாள் அவள், பஞ்சை அழுத்தியபடி. "இடது பக்கம் இருந்த அந்தப் புள்ளிக்காக இந்தத் தடவை ரெண்டு படம் எடுக்கச் சொல்லியிருக்காங்க. நடுவுல ஒரு மணி நேரம் இருக்கவேண்டி வரும்."

எந்தப் புள்ளி என்று ஆய்வாளர் கேட்கவில்லை. பராமரிப்புக்காரன் ஒருவன் வாய்தவறி ஓர் உண்மையைச் சொல்லும்போது ஆய்வாளன் நிமிர்ந்து பார்த்தால் அடுத்த உண்மை வராது. அது தொழிலில் முதல் ஆண்டிலேயே படியும் பாடம். கையை அசைக்காமல் வைத்துக்கொண்டு, போன தடவை ஒரு படத்தோடு விட்டுவிட்டீர்களே என்று, பேருந்து நேரம் விசாரிப்பவரைப்போல விசாரித்தார்.

"சந்தேகமா ஏதாவது தெரிஞ்சா ரெண்டு எடுக்கிறதுதான் சார் வழக்கம். வீக்கமா இருந்தா வெளிச்சம் வரும், கொஞ்ச நேரத்துல மங்கிடும். மத்தது மங்காது. போன தடவை உங்க தம்பிதான் வேண்டாம்னுட்டார். உங்களுக்கு முதுகு வலி, ரொம்ப நேரம் படுக்க முடியாதுன்னு சொன்னார்." அவள் ஊசிக்குழாயைப் பொருத்தினாள். "இப்ப வலி பரவாயில்லையா சார்?"

"இப்ப இல்லம்மா."

அவருக்கு முதுகு வலி எப்போதுமே இருந்ததில்லை.

கைகளைத் தலைக்கு மேலே தூக்கி, இயந்திரத்தின் வளையத்துக்குள் படுத்திருந்தபோது அவருக்கு அச்சம் வரவில்லை. அச்சத்துக்கு இடமில்லாதபடி வேறொன்று வந்து உட்கார்ந்திருந்தது. சென்ற ஜூலையில் இதே படுக்கையிலிருந்து எழுந்து சட்டைப் பொத்தானை மாட்டிக்கொண்டிருந்தபோது, குட்டி உள்ளே வந்து அவர் தோளில் கைவைத்தான். "கண்ணாடி மாதிரி சுத்தமா இருக்கு" என்றான். அந்தக் கை சற்று அதிக நேரம் தோளில் இருந்தது. பாசம் என்று எண்ணி அன்று மாலை அவர் வீட்டுக்கு இனிப்பு வாங்கிப் போனார்.

முதல் படம் முடிந்ததும் ஈயத் தகடு பதித்த கதவுள்ள சிறிய அறையில், சாய்வு நாற்காலியில் அவரை உட்காரவைத்து, தண்ணீர் குடிக்கச் சொல்லிவிட்டுப் போனாள். சிறிது நேரத்தில் கதவு திறந்தது. குட்டி, மழைக்கோட்டைக்கூடக் கழற்றாமல், மூச்சு வாங்க நின்றான்.

"என்ன அண்ணா, எங்கிட்ட சொல்லாம வந்துட்டீங்க?"

"பழக்கந்தானே நம்ம குடும்பத்துல" என்றார் ஆய்வாளர். "கிட்ட வராதே. நான் இப்ப கதிர் வீசிக்கிட்டிருக்கேன்."

குட்டி சிரிக்க முயன்று பாதியில் விட்டான். சுவரோரமாக இருந்த முக்காலியில் உட்கார்ந்தான்; அது கிரீச்சிட்டது. யார் சொன்னார்கள் என்று கேட்கவில்லை. அண்ணன் முகத்தைப் பார்த்த அளவிலேயே, கேட்க ஒன்றுமில்லை என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

அந்தப் புள்ளி எவ்வளவு பெரியது என்று ஆய்வாளர் கேட்டார். பட்டாணி அளவுகூட இல்லை என்றான் தம்பி. இடுப்புக்குள்ளே, இரத்தக்குழாய்க்குப் பக்கத்தில் ஒரு நிணநீர்க் கணு. என்னவென்று நினைத்தாய் என்று கேட்டதற்குக் கால் புண் என்றான். ஜூன் மாதம் லிஃப்ட் குழிக்குள் இறங்கியபோது இரும்பு முனையில் இடித்து, ஆய்வாளரின் இடது பாதத்தில் ஒரு புண் ஏற்பட்டு ஆறாமல் இழுத்தடித்தது. புண்ணால் அந்தப் பக்கத்துக் கணுக்கள் வீங்கும். வீங்கிய கணுவும் கோலினை வாங்கி ஒளி காட்டும். பொதுவாகத் தொடையிடுக்கில் இருப்பவைதான் அப்படிக் காட்டும். இது அதற்கு மேலே, உள்ளே இருந்தது. ஆனாலும் குட்டிக்குப் புண்தான் முதலில் நினைவுக்கு வந்தது.

இந்த மருத்துவமனையில் எந்த டாக்டரும் தன் உறவினரின் படத்தைத் தானே படிக்கக்கூடாது என்பது வழக்கம். குட்டி அதை மீறியிருந்தான். ஏன் அப்படி ஒரு வழக்கம் என்பது ஆய்வாளருக்கு இப்போது விளங்கியது. அன்னியன் ஒருவன் படித்திருந்தால் அவனுக்குப் பாதத்துப் புண்ணைப் பற்றி எதுவும் தெரிந்திராது. கண்ணில் பட்டதைப் பட்டபடி எழுதியிருப்பான். அந்தப் புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டிய தம்பிக்கு மட்டுமே இப்படித் தவறு செய்ய முடியும்.

"அப்படி நினைச்சியா, இல்ல நினைக்கணும்னு ஆசைப்பட்டியா?"

குட்டி மழைக்கோட்டின் பொத்தானைக் கழற்றத் தொடங்கினான்.

"ரெண்டாவது படம் எடுத்திருந்தா தெரிஞ்சிருக்குமா?"

"ஓரளவு தெளிவா தெரிஞ்சிருக்கும்."

"பின்ன ஏன்டா எடுக்கல?"

"தெரிஞ்சிருந்தா சொல்லணுமே, அண்ணா."

வெளியே யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போனார்கள். அதன் ஒரு சக்கரம் தேய்ந்திருந்தது. ஆய்வாளரின் காது அந்த ஓசையோடு போயிற்று. அதற்குள் குட்டி பேசத் தொடங்கியிருந்தான். தொடங்கியவனுக்கு நிறுத்தத் தெரியவில்லை. அறுவைக்குப் பிறகு அண்ணன் மாதக்கணக்கில் யாருடனும் முகம் கொடுத்துப் பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். அந்த நிலைக்கு மறுபடியும் அவரைத் தள்ளத் தனக்கு மனம் வரவில்லை. அடுத்த இரத்தப் பரிசோதனைவரை பார்ப்போம் என்று இருந்துவிட்டான்.

"இன்னொரு தடவை வந்தா ஒரு வைத்தியமும் வேண்டாம், அப்படியே போயிடறேன்னு நீங்களே சொல்லலையா?"

ஆய்வாளர் தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்தார்.

"சொன்னேன். அவகிட்ட மட்டுந்தான் சொன்னேன். உனக்கு எப்படித் தெரியும்?"

தம்பியின் முகத்தில், எடை தாங்காமல் ஒன்று இறங்கியது.

"அண்ணி சொன்னாங்க."

"எப்ப?"

"அந்தப் புள்ளியப் பத்தி நான் அவங்ககிட்ட சொன்ன அன்னைக்கு."

அதன் பிறகு குட்டி எதையோ சொல்லிக்கொண்டுதான் இருந்தான். படம் எடுக்கும் பெண் கதவைத் தட்டி, நேரமாகிவிட்டது என்றாள். ஆய்வாளர் எழுந்து, தம்பியைத் தொடாமல் சுற்றிக்கொண்டு, இரண்டாவது படத்துக்குப் போனார்.

அவருடைய மனைவி ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. பள்ளியை விட்டு வந்த பிறகும் வீட்டில் மணி அடிப்பதை அவர் நிறுத்தவில்லை என்பது ஆய்வாளர் வழக்கமாகச் சொல்லும் வேடிக்கை. ஈரத் துண்டை நாற்காலியின் முதுகில் போடுவது அந்த வீட்டில் பெருங்குற்றம். திருமணமான நாள் முதல் ஆய்வாளர் அதைச் செய்யாத நாளில்லை, திட்டு வாங்காத நாளுமில்லை. சென்ற ஆடியிலிருந்து அந்தத் திட்டு நின்றுபோயிற்று. துண்டு ஓசையில்லாமல் கொடிக்குப் போயிற்று. மாலையில் நடக்கப் போகும்போது, முட்டிவலியைக் காரணம் காட்டாமல் மனைவியும் கூடவே வந்தார். அக்டோபரில் அவராகவே ஏற்பாடு செய்து கடற்கரை ஊருக்கு அழைத்துப் போனார்; மணலில் உட்கார்ந்திருந்தபோது, நடுத்தெருவில் கையைப் பிடித்தால் உதறுபவர், ஆய்வாளரின் கையைத் தாமாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். முதுமையில் மனைவி கனிந்துவிட்டாள் என்று ஆய்வாளர் மகிழ்ந்தார். அறுவை தன்னிடமிருந்து பறித்துக்கொண்டவற்றுக்கு ஈடாக இது கிடைத்தது என்றுகூட எண்ணினார். அலுவலகத்து நண்பரிடம் சற்றே கூச்சத்துடன் சொல்லவும் செய்தார்.

ஸ்கேன் முடிந்து அன்று பகல் ஆய்வாளர் வீட்டுக்கு வந்தபோது மனைவி சமையலறை மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தார். குட்டி தொலைபேசியில் சொல்லிவிட்டிருந்தான் என்பது, துடைத்த இடத்தையே அவர் திரும்பத் திரும்பத் துடைத்ததில் தெரிந்தது.

ஆய்வாளர் குளித்துவிட்டு வந்தார். ஈரத் துண்டை நாற்காலியின் முதுகில் போட்டார். மனைவி வந்து, பேசாமல் அதை எடுத்தார்.

"திட்டு" என்றார் ஆய்வாளர்.

"என்னங்க?"

"துண்டு நாற்காலியில கிடந்துது. வழக்கமாத் திட்டுவியே, திட்டு."

மனைவி துண்டைக் கையில் பிடித்தபடி நின்றார். நாற்பது வகுப்பறைகளை ஒரே குரலில் அடக்கியவருக்கு ஒரு சொல்லும் வரவில்லை.

பிறகு உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னார். அது வெறும் வீக்கமாகவும் இருக்கலாம் என்றுதான் குட்டி சொன்னானாம். உறுதியாகத் தெரியாத ஒன்றைச் சொல்லி, இருக்கும் நிம்மதியையும் ஏன் கெடுக்கவேண்டும் என்று இருவருமாகப் பேசி முடிவெடுத்தார்களாம். ஒவ்வொரு வாரமும் சொல்லிவிடலாம் என்று எண்ணி, ஒவ்வொரு வாரமும் அடுத்த வாரத்துக்குத் தள்ளினாராம். அவர் அழவில்லை, அழுதால் அது கணவரை வளைக்கும் தந்திரமாகிவிடும் என்று அஞ்சியவரைப்போல நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தார்.

"ஒண்ணுமில்லாம இருக்கலாம்னு நம்பினவ எதுக்குக் கடற்கரைக்குக் கூட்டிட்டுப் போனே?"

மனைவி கையிலிருந்த துண்டை மடித்து மடியில் வைத்தார்.

"நீங்க சந்தோஷமா இருந்தீங்களா இல்லையா? அத மட்டும் சொல்லுங்க."

"இருந்தேன்" என்றார் ஆய்வாளர். "அதுதான் எரியுது."

அவருக்கு அந்த மணல் நினைவுக்கு வந்தது. மடியிலிருந்த கை தன்னுடையதாகவே இருந்தது. ஆனால் அதை அவள் பிடித்திருந்தது விடைகொடுப்பதற்காக. அந்த எட்டு மாதங்களிலிருந்து எதைக் கையில் எடுத்தாலும் அதன் அடிப்புறத்தில் தம்பியின் கைரேகையும் மனைவியின் கைரேகையும் இருந்தன. வியாதியை மறைத்ததை ஒருவாறு மன்னிக்கலாம் என்று தோன்றியது. தன்னை நடுவில் உட்காரவைத்துவிட்டு, தன் தலைக்கு மேலே இருவரும் கண்ணால் பேசிக்கொண்டிருந்த அத்தனை சாப்பாட்டு வேளைகளை என்ன செய்வதென்று தெரியவில்லை.

"சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க? வேண்டாம்னுதானே சொல்லியிருப்பீங்க?"

"தெரியாது. அது எனக்கே தெரியறதுக்கு நீங்க ரெண்டு பேரும் விடல."

வெள்ளிக்கிழமை கதிர்வீச்சுச் சிகிச்சை டாக்டரின் அறையில் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். குட்டியை யாரும் அழைக்கவில்லை. வராதே என்றும் சொல்லவில்லை. டாக்டர் குறுகத் தறித்த முடியும் நிதானமான குரலும் உடைய பெண்மணி. திரையில் ஆய்வாளரின் உடல் சாம்பல் நிறத்தில் நின்றது. கல்லீரலும் சிறுநீரகங்களும் உமிழ்நீர்ச் சுரப்பிகளும் இயல்பாகவே ஒளிரும் என்று அவற்றை ஒதுக்கிவிட்டு, இடுப்புக்குள் இருந்த இரண்டு புள்ளிகளைக் காட்டினார். துறைத் தலைவரான பெரிய டாக்டரே படித்த முடிவு. முதல் படத்தில் தெரிந்த ஒளி இரண்டாவது படத்தில் மங்கவில்லை; கூடியிருந்தது. ஆகவே வீக்கமல்ல. எலும்பில் இல்லை, வேறெங்கும் இல்லை.

சென்ற முறை எத்தனை என்று ஆய்வாளர் கேட்டார். ஒன்று என்றார் டாக்டர். குட்டி தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்பவே செஞ்சிருந்தா வித்தியாசம் இருந்திருக்குமா?"

"எனக்குத் தெரியாது. தெரியும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க."

அந்த அறையில் அவர் கேட்ட சொற்களில் அவருக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

வழிகள் மூன்று இருந்தன. இரண்டு கணுக்களை மட்டும் குறிவைத்து, சில தடவைகளில் முடியும் கதிர்வீச்சு. அல்லது இடுப்பிலுள்ள கணுக்களின் தொகுதி முழுவதற்கும் வாரக்கணக்கில் கதிர்வீச்சு, கூடவே ஹார்மோன் ஊசி. அதில் சோர்வும் உடல் காந்தலும் உண்டு, மனமும் சற்று வாடும். அல்லது எதுவும் செய்யாமல் கவனித்திருப்பது. மனம் வாடும் என்ற இடத்தில் டாக்டர் தன்னையறியாமல் மனைவியையும் தம்பியையும் பார்த்துச் சொன்னார்.

"என்னப் பாத்துச் சொல்லுங்க டாக்டர்" என்றார் ஆய்வாளர். டாக்டர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, அதே வாக்கியத்தை முதலிலிருந்து அவரைப் பார்த்துச் சொன்னார்.

ஒப்புதல் தாளை வாங்கிக்கொண்டு ஆய்வாளர் தனியாக வெளியே போய், தாழ்வாரத்து ஜன்னலோரம் நின்றார். வேண்டாம் என்று எழுதிவிடக் கை முதலில் துடித்தது. ஆனால் வேண்டாம் என்று எழுதினால், இவர் தாங்கமாட்டார் என்று அவர்கள் கணித்தது சரியென்று ஆகிவிடும். அவர்கள் கணிப்பைப் பொய்யாக்குவதற்காகவே வேண்டும் என்று எழுதினாலோ, அதுவும் அவர்கள் எழுதவைத்ததுதான். அந்த இருவரையும் தலைக்குள்ளிருந்து வெளியே நிறுத்திவிட்டுக் கேள்வியை மட்டும் பார்க்க அவருக்கு வெகு நேரம் பிடித்தது. லிஃப்டைத் தாங்கும் கயிறுகளில் ஒன்றில் இழை அறுந்திருந்தால் அந்த ஒன்றை மட்டும் மாற்ற எந்தக் கட்டட உரிமையாளனையும் அவர் அனுமதித்ததில்லை. மாற்றினால் தொகுதியோடு மாற்றவேண்டும். கெஞ்சியவர்களும் உண்டு, ஏசியவர்களும் உண்டு. தன் உடம்புக்கு மட்டும் வேறு விதி எதற்கு என்று தோன்றியது. அந்தக் காரணம் அவருடையது. அதை யாரும் அவருக்குக் கொடுக்கவில்லை.

இரண்டாவது வழிக்கு எதிரே அடையாளமிட்டார். கீழே இருந்த வெற்றிடத்தில், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினார்: என் உறவினர் எவரும் என் படங்களைப் படிக்கக் கூடாது. எந்த முடிவையும் என்னிடமே சொல்லவேண்டும். என் மனைவி விரும்பினால் அப்போது உடனிருக்கலாம். எனக்குச் சொல்வதற்கு முன் அவருக்குச் சொல்லக்கூடாது. தம்பியைப் பற்றி ஒரு வரி எழுத எண்ணிப் பேனாவைத் தாளில் ஊன்றியவர், எடுத்துவிட்டார். முதல் வாக்கியமே போதும். கையெழுத்திட்டுத் தேதியும் இட்டார்.

அவர் உள்ளே வந்ததும் மனைவி அவர் முகத்தைப் பார்த்தார். அதில் எதுவும் எழுதியிருக்கவில்லை. குட்டி எழுந்து வந்தான்.

"குடுங்க அண்ணா" என்று கை நீட்டினான். "நானே பதிவு பண்ற இடத்துல குடுத்துடறேன். நீங்க அலைய வேண்டாம்."

ஆய்வாளர் அந்தக் கையைப் பார்த்தார். பாதத்துப் புண்ணுக்கு மருந்து வைத்த கை. தோளில் சற்று அதிக நேரம் இருந்த கை. அதைத் தட்டிவிடவில்லை. அதைச் சுற்றிக்கொண்டு மேசைக்குப் போய், தாளை டாக்டரின் கையில் கொடுத்தார்.